மோட்டார் சைக்கிளுக்கு எந்த வழிகாட்டி நல்லது?

மலேசியாவில் 16 வயது நிறைந்தவர் 'பி2' உரிமம் எடுக்கலாம். படிவம் நான்கு, ஐந்து மாணவர்களில் பலர் அந்த வயதில் இருக்கிறீர்கள். உரிமம் எடுக்காவிட்டாலும் வீட்டில் ஒரு கப்சாய் நிற்கும். அதில் அப்பா வேலைக்குப் போவார், அல்லது அண்ணன் உணவு விநியோகத்துக்குப் போவார். புதிதாக ஒரு ஜி.பி.எஸ். வழிகாட்டி வாங்கலாமா, பழையதையே வைத்துக்கொள்ளலாமா என்ற பேச்சு வந்தால், "நீதானே அறிவியல் படிக்கிறாய், நீயே சொல்" என்று உங்களிடம்தான் கேட்பார்கள். என்ன சொல்வீர்கள்?

திரையின் அளவையும் விலையையும் பார்த்துப் பதில் சொல்பவர்களே அதிகம். என் கருத்து வேறு. மோட்டார் சைக்கிளோட்டியை அடிக்கடி திரையைப் பார்க்க வைக்காமல் வழி சொல்லும் கருவியே நல்ல வழிகாட்டி. இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், பல வீடுகளில் புதுக் கருவியே தேவைப்படாது. கையில் இருக்கும் கைப்பேசியில் சில மாற்றங்கள் செய்தால் போதும். ஏன் என்று பார்ப்போம்.

இணையம் இல்லாமலும் இடம் தெரியும்

ஜி.பி.எஸ். வேலை செய்ய இணையம் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். வேண்டியதில்லை. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள், தாம் இருக்கும் இடத்தையும் நேரத்தையும் இடைவிடாமல் அறிவித்துக்கொண்டே இருக்கின்றன. உங்கள் கருவி அதைக் கேட்கிறது, அவ்வளவுதான். செயற்கைக்கோளுக்குத் திருப்பி எதையும் அனுப்புவதில்லை. அறிவிப்பு வந்து சேர எடுத்த நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம் கிடைக்கும். நான்கு செயற்கைக்கோள்கள் கிடைத்தால் அகலாங்கு, நெட்டாங்கு, உயரம், கருவியின் கடிகாரப் பிழை ஆகிய நான்கையும் கணக்கிட்டுவிடலாம். கணிதப் பாடத்தில் 'பெர்சமாஆன் செரெந்தாக்' என்று படிக்கிறீர்களே, அதே வேலைதான்.

இதில் நேரம் மிக முக்கியம். ஒரு வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் தூரம் 300 மீட்டர் பிசகிவிடும். ஐன்ஸ்டீனின் சார்பியல் கோட்பாட்டின்படி, அங்கே மேலே இருக்கும் கடிகாரங்கள் தரையில் உள்ளவற்றைவிட நாளொன்றுக்குச் சுமார் 38 மைக்ரோ வினாடி வேகமாக ஓடுகின்றன. அதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் பிழை 10 கிலோமீட்டரைத் தாண்டும். கோலாலம்பூரில் நிற்பவரைப் பெட்டாலிங் ஜெயாவில் காட்டும்.

அப்படியானால் இணையம் எதற்கு? வரைபடத்தை இறக்குவதற்கும், நெரிசல் நிலவரம் அறிவதற்கும், கருவி விரைவாக இடத்தைக் கண்டுபிடிப்பதற்கும். வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டால், உலு லங்காட் மலைச்சாலையில் தொடர்பு அறுந்தாலும் வழி அறுந்துபோகாது. இதற்கு ஒரு காசும் செலவில்லை.

பிரிக்பீல்ட்ஸில் ஏன் தடுமாறுகிறது?

ஜாலான் துன் சம்பந்தனில் போகும்போது கைப்பேசியில் உள்ள அம்புக்குறி பக்கத்துச் சாலைக்குத் தாவுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் கே.எல். சென்ட்ரல் வட்டாரத்தின் உயர்ந்த கட்டடங்கள். தலைக்கு மேலே மோனோரயில் தடம். செயற்கைக்கோளின் சமிக்ஞை நேராக வராமல் கண்ணாடிச் சுவரில் பட்டுத் தெறித்து வருகிறது. சுற்றி வந்ததால் தாமதமாகிறது. கருவி அந்தத் தாமதத்தைத் தூரம் என்று நினைத்துக்கொள்கிறது.

இன்னொரு காரணம் நாம் வாழும் இடம். கோலாலம்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து 3 பாகை வடக்கே இருக்கிறது. இப்பகுதிக்கு மேலே உள்ள அயனிமண்டலம், குறிப்பாகப் பிற்பகலில், அடர்த்தியாக இருக்கும். அதைக் கடந்து வரும்போதும் சமிக்ஞை தாமதமாகிறது.

இரண்டு குறைகளையும் குறைக்க ஒரு வழி உண்டு. பழைய கருவிகள் 'எல்1' என்ற 1575.42 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டும் கேட்கின்றன. புதியவற்றில் பல 'எல்5' என்ற 1176.45 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையையும் சேர்த்துக் கேட்கின்றன. அயனிமண்டலம் இரண்டையும் வெவ்வேறு அளவில் தாமதப்படுத்துவதால், அந்த வேறுபாட்டைக் கொண்டே பிழையைக் கணக்கிட்டுக் கழித்துவிடலாம். அதோடு எல்5 சமிக்ஞையின் குறியீடு எல்1-இல் பொதுமக்களுக்கான குறியீட்டைவிடப் பத்து மடங்கு நுணுக்கமானது. சென்டிமீட்டர் மட்டும் குறித்த அளவுகோலுக்கும் மில்லிமீட்டர் குறித்த அளவுகோலுக்கும் உள்ள வித்தியாசம் இது. நேராக வந்தது எது, தெறித்து வந்தது எது என்று பிரித்தறிய அது உதவுகிறது.

ஆகவே கருவியோ கைப்பேசியோ வாங்கும்போது கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "இது இரட்டை அலைவரிசையா?" இரண்டாவது கேள்வி: "அமெரிக்காவின் ஜி.பி.எஸ். தவிர வேறு எவற்றைக் கேட்கும்?" நம் வானத்தில் ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ, ஜப்பானின் மிச்சிபிகி எல்லாம் தெரிகின்றன. கட்டடங்களுக்கு நடுவே ஒரு துண்டு வானம் மட்டும் தெரியும் இடத்தில், எத்தனை செயற்கைக்கோள்களைக் கேட்க முடிகிறது என்பதுதான் முடிவு செய்யும்.

தனித்தடமும் மேல்மட்டச் சாலையும்

கிள்ளானுக்குப் போகும் கூட்டரசு நெடுஞ்சாலையில் 1970-களிலேயே மோட்டார் சைக்கிளுக்கென்று தனித்தடம் அமைக்கப்பட்டது. உலகிலேயே இத்தகைய முன்னோடித் தடங்களுள் இதுவும் ஒன்று. சந்திப்புகளின் அடியில் சிறு சுரங்கங்கள் வழியாகவும் அது நுழைந்து செல்கிறது. நல்ல கைப்பேசி திறந்த வெளியில் ஏறக்குறைய 5 மீட்டர் துல்லியத்தில் இடத்தைச் சொல்லும். தனித்தடமோ பெரிய சாலையை ஒட்டியே போகிறது. நீங்கள் எதில் இருக்கிறீர்கள் என்பது கருவிக்கு உறுதியாகத் தெரியாது. அது "இடப்பக்கம் திரும்புக" என்று சொல்லும் வழி, கார்களுக்கான வழியாகவும் இருக்கலாம். அதை நம்பிச் சட்டென்று திரும்புவது ஆபத்து.

மேல்மட்டச் சாலைகளிலும் இதே சிக்கல்தான். மேலே ஒரு சாலை, கீழே ஒரு சாலை. அகலாங்கும் நெட்டாங்கும் ஒன்றே. சில கைப்பேசிகளில் காற்றழுத்த உணரி இருக்கிறது. ஏறக்குறைய 8 மீட்டர் ஏறினால் அழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறையும். ஏறினோமா இல்லையா என்று ஊகிக்க அது கருவிக்கு உதவக்கூடும்.

இங்கே செலவில்லாத ஒரு மாற்றத்தைச் சொல்லியாக வேண்டும். வேஸ், கூகுள் மேப்ஸ் இரண்டிலும் வாகன வகையை 'மோட்டார் சைக்கிள்' என்று மாற்றலாம். பலர் இதைச் செய்வதே இல்லை. கார் என்றே விட்டுவைத்தால், மோட்டார் சைக்கிளுக்கு அனுமதியில்லாத ஸ்மார்ட் சுரங்கப்பாதை வழியாகவும் அது உங்களை அனுப்பப் பார்க்கும். புதுக் கருவிக்குப் பணம் சேர்ப்பதற்கு முன் இந்த ஒரு பொத்தானை அழுத்துங்கள்.

பழைய கருவியை என்ன செய்வது?

மாமாவிடமோ பழைய பொருள் கடையிலோ மலிவாகக் கிடைக்கும் வழிகாட்டியை வாங்கலாமா? வாங்கலாம், இரண்டு சோதனைகளில் தேறினால்.

முதல் சோதனை தேதி. ஜி.பி.எஸ். தன் வாரங்களை 10 பிட்டுகளில் எண்ணுகிறது. 2-இன் 10-ஆவது அடுக்கு 1024; ஆகவே 1024 வாரங்களுக்கு ஒருமுறை எண்ணிக்கை பூச்சியத்துக்குத் திரும்பிவிடும். கடைசியாக 2019 ஏப்ரல் 6 நள்ளிரவில் அப்படித் திரும்பியது. உள்ளிருக்கும் மென்பொருள் புதுப்பிக்கப்படாத சில கருவிகள் அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விட்டன. கருவியைத் திறந்தவெளியில் இயக்கிப் பாருங்கள். தேதி தவறாக இருந்து, புதுப்பிக்கவும் முடியாது என்றால் விட்டுவிடுங்கள்.

இரண்டாவது சோதனை வரைபடம். சுங்கை பீசி – உலு கிளாங் மேல்மட்ட விரைவுச்சாலையும் டாமன்சாரா – ஷா ஆலம் மேல்மட்ட விரைவுச்சாலையும் 2022-இல் திறக்கப்பட்டன. கிள்ளான் ஆற்றின் மூன்றாவது பாலம் 2017-இல் திறக்கப்பட்டது. ஜாலான் டூத்தா 2014-இல் ஜாலான் துவாங்கு அப்துல் ஹாலிம் ஆனது. இவற்றைத் தேடிப் பாருங்கள். பழைய வரைபடம், மூன்றாவது பாலத்தில் போகும் உங்களை ஆற்றில் நீந்துவதாகக் காட்டும். செயற்கைக்கோள் உங்கள் இடத்தைச் சரியாகச் சொன்னாலும், சாலை எங்கே இருக்கிறது என்பதை அது சொல்வதில்லை. அந்த அறிவு வரைபடத்திலிருந்து வருகிறது. வரைபடத்தை மனிதர்கள்தாம் உருவாக்குகிறார்கள்.

நம் நாட்டில் இதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. கார்மின் கருவிகளுக்கான மலேசியா – சிங்கப்பூர் வரைபடத்தைத் தன்னார்வலர்கள் தாங்கள் போய்வந்த பாதைகளைக் கொண்டே தொகுத்து, 'மால்சிங்மேப்ஸ்' என்ற பெயரில் இலவசமாக வெளியிட்டார்கள். 2004-இல் தொடங்கிய ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பும் அதே முறையில் வளர்ந்தது. உங்கள் தாமானில் புதிதாக ஒருவழியாக்கப்பட்ட சாலையை அதில் நீங்களே திருத்தலாம். ஆயிரம் வெள்ளிக் கருவி வாங்குவதைவிட இந்தத் திருத்தம் அதிகம் பேருக்குப் பயன்படும்.

கைப்பேசியா, தனிக் கருவியா?

கார்மின் சூமோ, டாம்டாம் ரைடர் போன்ற மோட்டார் சைக்கிள் வழிகாட்டிகள் வெயில், மழை, அதிர்வு, கையுறை எல்லாவற்றையும் கணக்கில் கொண்டு செய்யப்பட்டவை. கைப்பேசி அப்படிச் செய்யப்பட்டதல்ல. மோட்டார் சைக்கிள் எஞ்சினின் கடும் அதிர்வு ஐபோன் கேமராவைப் பாதிக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-இல் எச்சரித்தது. கேமராவில் படம் ஆடாமல் பார்த்துக்கொள்ளும் நுண்ணிய பாகங்கள் அதிர்வைத் தாங்குவதில்லை. ஐபோனுக்கு அந்நிறுவனம் சொல்லும் இயக்க வெப்பநிலை 35 பாகை செல்சியஸ் வரைதான். நம் நண்பகல் வெயிலில் ஹேண்டலில் மாட்டிய கைப்பேசி அதை எளிதில் தாண்டும். தொடுதிரை விரலின் மின்னூட்டத்தை உணர்ந்து வேலை செய்வதால், மழைத்துளியையும் அது விரல் என்று எண்ணிக்கொள்ளும்.

நீர்க்காப்பு எண்ணிலும் கவனம் தேவை. 'ஐ.பி.67' என்பதில் 6 தூசிக்கு, 7 நீருக்கு. ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பது பொருள். அது அசையாத நன்னீரில் செய்யும் சோதனை. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் முகத்தில் அறையும் மழைக்கு அந்த எண் உத்தரவாதம் தருவதில்லை.

இதையெல்லாம் பார்த்தால் தனிக் கருவியே சிறந்தது என்று தோன்றும். ஆனால் புதிதாக வாங்கினால் அதன் விலை ஆயிரம் வெள்ளிக்கு மேல். கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்குத் தினமும் வேலைக்குப் போகிறவருக்கு அது வீண்செலவு என்பது என் கருத்து. அவருக்கு அதிர்வைத் தாங்கும் பிடிப்பானும் காதில் வழி சொல்லும் குரலும் போதும். முடிந்தால் பழைய கைப்பேசி ஒன்றை இதற்கென்றே ஒதுக்கலாம். வாரக்கணக்கில் தீபகற்பத்தைச் சுற்றுகிறவர்கள் மட்டும் தனிக் கருவியை எண்ணிப் பார்க்கலாம்.

கண் சாலையில் இருக்கட்டும்

ஒரு சிறு கணக்கு. மணிக்கு 90 கிலோமீட்டர் என்றால் வினாடிக்கு 25 மீட்டர். திரையை இரண்டு வினாடி பார்த்தால் 50 மீட்டர் தூரம் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். நம் நாட்டுச் சாலைகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளோட்டிகளும் பின்னால் அமர்ந்து செல்வோரும்தான். கைப்பேசியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டுவது சட்டப்படி குற்றம். பிடிப்பானில் மாட்டிவிட்டால் குற்றம் நீங்கலாம். அந்த 50 மீட்டர் நீங்காது.

"நாங்கள் இது எதுவும் இல்லாமலே ஊரெல்லாம் சுற்றினோம்" என்பார்கள் பெரியவர்கள். அதில் ஒரு பாதி உண்மை உண்டு. புறப்படும் முன் வரைபடத்தை ஒருமுறை பார்த்து, எந்தெந்தச் சந்திப்பில் திரும்ப வேண்டும் என்று மனத்தில் பதித்துக்கொள்ளும் பழக்கம் அவர்களிடம் இருந்தது. அந்தப் பழக்கத்தோடு குரல் வழிகாட்டலும் சேர்ந்தால் திரைக்கு வேலையே குறைந்துவிடும். ஒலியைப் பின்னால் வரும் லாரியின் ஹாரன் கேட்கும் அளவுக்குக் குறைவாக வையுங்கள். வழி தவறினால் தவறட்டும். கருவி மாற்றுவழி சொல்லும். சந்தேகம் என்றால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்திப் பாருங்கள்.

விடுமுறையில் ஒரு சோதனை செய்யுங்கள், நடந்து போய்த்தான். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் 'ஜி.பி.எஸ். டெஸ்ட்' என்ற இலவசச் செயலியை இறக்கி, பிரிக்பீல்ட்ஸில் மோனோரயில் தடத்தின் கீழும் மெர்டேக்கா சதுக்கத்தின் நடுவிலும் பத்துப் பத்து முறை துல்லிய அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். எல்5 சமிக்ஞை வருகிறதா என்பதையும் அது காட்டும். இரண்டு பட்டியலையும் வீட்டில் காட்டுங்கள். வாகன வகை, குரல், புதிய வரைபடம், நல்ல பிடிப்பான் என்ற வரிசையில் மாற்றிப் பார்த்த பிறகும் குறை இருந்தால், அப்போது புதுக் கருவியைப் பற்றிப் பேசலாம்.