கடலடி ஒலிக்கே முதல் பணம்: கடற்படை ஆய்வு நிதி குறித்து எங்கள் நிலைப்பாடு

கடற்படைக்கான அறிவியல், தொழில்நுட்ப ஆய்வுக்கு எவ்வளவு ஒதுக்கினாலும் போதாது. அப்படியானால் எதற்கு முதலில் கொடுப்பது? விலை கொடுத்தும் வெளியில் வாங்க முடியாத அறிவுக்கு முதலில் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் அமைப்பின் நிலைப்பாடு. நம் கடலுக்கடியில் ஒலி எப்படிப் போகிறது என்பதே அப்படிப்பட்ட அறிவில் தலையாயது.

நீருக்குள் ரேடார் எடுபடாது. அங்கே ஒலிதான் கண். வினாடிக்குச் சுமார் 1500 மீட்டர் பாயும் அந்த ஒலி, நீரின் சூடும் உப்பும் ஆழமும் மாறும்போது வேகம் மாறி, பாதை வளைகிறது. காலையில் நன்றாக வேலை செய்த சோனார் என்னும் ஒலித்தேடல் கருவி பிற்பகலில் மங்குவதை 1930களிலேயே அமெரிக்கக் கடற்படை கண்டது. வெயிலில் மேல்நீர் சூடேறி, ஒலி கீழ்நோக்கி வளைந்ததே காரணம்.

வங்கக் கடல் இன்னும் சிக்கலானது. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி கொட்டும் நன்னீர் உப்புநீரின் மேல் போர்வைபோல் படர்கிறது. குளிர்காலத்தில் வங்கக் கடலின் வடபகுதியில் மேல்நீர் குளிர்ந்திருக்க, கீழே வெதுவெதுப்பான நீர் கிடக்கும். அட்லாண்டிக்கை மனத்தில் வைத்துச் செய்த கருவி இங்கே தடுமாறினால் கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை. இந்தக் கடலை நாம்தான் அளக்க வேண்டும், பருவந்தோறும், ஆண்டுக்கணக்கில்.

கொச்சியிலுள்ள கடற்படை இயற்பியல், கடலியல் ஆய்வகத்தில் இந்த அளவீட்டுக்கென உள்ள சாகர்த்வனி கப்பல் 1994-இல் பணியில் சேர்ந்தது. புதிய ஆய்வுக் கப்பலுக்கு 2024-இல் ஒப்பந்தமானதை வரவேற்கிறோம். ஆனால் கப்பல் துறைமுகத்தில் நின்றால் அளவீடு வராது. அது கடலில் இருக்கும் நாட்களுக்கான செலவையும் சேர்த்தே ஒதுக்க வேண்டும்.

அடுத்த இடம் உலோகங்களுக்கும் உந்துவிசைக்கும். விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்துக்கான எஃகை ஐதராபாத்திலுள்ள பாதுகாப்பு ஆய்வகமும் செயில் நிறுவனமும் இங்கேயே உருவாக்கின. 2022-இல் பணியில் சேர்ந்த அதே கப்பலை ஓட்டும் நான்கு கேஸ் டர்பைன்களோ அமெரிக்க வடிவமைப்பு. டர்பைனுக்கே முதலிடம் என்று எங்களில் சிலர் வாதிட்டார்கள். அந்த வாதத்தில் நியாயம் உண்டு. ஆயினும் டர்பைனை இன்று விற்பார் உண்டு. வங்கக் கடலின் ஒலி வரைபடத்தை விற்பார் இல்லை.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நீர்மூழ்கி அடிக்கடி மேலே வராமல் மறைந்திருக்க உதவும் எரிபொருள் கலன் அமைப்பை அம்பர்நாத்திலுள்ள பாதுகாப்பு ஆய்வகம் உருவாக்கி, 2021-இல் தரையில் சோதித்து வென்றது. 2017 முதல் 2025 வரை பணியில் சேர்ந்த கல்வரி வகை நீர்மூழ்கிகள் ஆறும் அது இல்லாமலேயே கடலுக்குப் போயின. ஆய்வகத்தின் நாட்காட்டியும் கட்டுந்தளத்தின் நாட்காட்டியும் ஒன்றாக வகுக்கப்படாவிட்டால் நல்ல ஆய்வும் காலம் தவறிவிடும்.

பாதுகாப்பு ஆய்வு நிதியில் 25 சதவீதத்தைத் தொழில்துறைக்கும் புத்தொழில் நிறுவனங்களுக்கும் கல்வி நிலையங்களுக்கும் திறந்துவிடுவதாக 2022-23 மத்திய பட்ஜெட் அறிவித்தது. இரண்டே ஆண்டில் பொருள் செய்து காட்டு என்று கேட்கும் நிதியால் கடலை அளக்க முடியாது. எனவே அந்த 25 சதவீதத்தில் ஒரு பங்கைக் கடல் ஒலியியலுக்கென்றே பிரித்து வைக்க வேண்டும். ரகசியமல்லாத அளவீடுகள் சென்னையின் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகத்துக்கும் பல்கலைக்கழக மாணவர்களுக்கும் தடையின்றிக் கிடைக்க வேண்டும்.

அடுத்த பட்ஜெட்டிலேயே கடல் ஒலியியல் ஆய்வுக்குத் தனித் தலைப்பு ஒதுக்கி, பத்தாண்டுகளுக்கு அந்தத் தொகையில் கை வைக்காதிருக்குமாறு பாதுகாப்பு அமைச்சகத்தையும் நாடாளுமன்ற நிலைக்குழுவையும் கேட்டுக்கொள்கிறோம்.