குளிருக்கு மருந்தா சாராயம்?

கண்டி நகரைச் சூழ்ந்த ஹந்தானை, கலஹா, தெல்தோட்டை, புசல்லாவைத் தோட்டங்களில் ஆண்களின் குடி பற்றிப் பேச்செழும்போதெல்லாம், மலைக்குளிருக்கும் உடல் அலுப்புக்கும் ஒரு கால் போத்தல் வேண்டும்தானே என்ற சமாதானம் குடிப்பவரிடமிருந்து மட்டுமன்றி, தோட்ட வாழ்வை அறியாத இரக்க மனத்தினரிடமிருந்தும் வந்துவிடுகிறது. உழைப்பவர்மீது பரிவு கொண்டதாகத் தோன்றும் இந்நம்பிக்கை பொய்யானது. அப்பொய்யால் ஆதாயம் அடைந்தவர்கள் எப்போதும் வேறு இடத்தில் இருந்திருக்கிறார்கள்.

குளிரில் உடல், தோலையடுத்த குருதி நாளங்களைச் சுருக்கி உள்ளுறுப்புகளின் வெப்பத்தைக் காத்துக்கொள்கிறது. மதுவின் போதைக்கூறான எதனோல் அந்நாளங்களை விரியச் செய்வதால், சூடான குருதி தோலை நோக்கிப் பாய்ந்து கதகதப்பை உணர்த்தும் அதே வேளையில், காக்கப்பட வேண்டிய உள்வெப்பம் வெளியேறிவிடுகிறது. அலுப்பு தீரும் என்பதும் இவ்வகைத் தோற்றமே: உறக்கம் விரைந்து வந்தாலும் பின்னிரவில் குலைகிறது, சிறுநீர் மிகுந்து உடல் நீரிழக்கிறது, மறுநாள் வேலை பிரித்துக் கொடுக்கப்படும் காலைப் பிரட்டுக்குப் பழைய அலுப்போடு புதிய தலைவலியும் சேர்ந்தே போகிறது. மேலும், கண்டி நகரம் ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில்தான் உள்ளது. நுவரெலியாவின் உறைபனிக்குச் சொல்லப்படும் காரணம் இங்கும் மாறாமல் சொல்லப்படுவதே ஐயத்துக்குரியது.

இந்நம்பிக்கையை முறியடிக்க மருத்துவ நூல்கூடத் தேவையில்லை. இடுப்பில் படங்குத் துணியைச் சுற்றிக்கொண்டு மழையில் நனைந்தபடி கொழுந்தெடுத்து, நிறுவைக்குச் சுமந்து சென்று, லயம் எனப்படும் வரிசை வீட்டுக்குத் திரும்பியபின் அடுப்பையும் பிள்ளைகளையும் கவனிக்கும் பெண்ணுக்கும் அதே குளிர்தான், அலுப்போ இரட்டிப்பு. ஆயினும் அவளுக்குச் சாராயத்தை மருந்தாகப் பரிந்துரைக்க ஒருவரும் முன்வருவதில்லை.

அப்படியானால் இப்பொய்யால் ஆதாயம் அடைந்தவர்கள் யார்? காப்பித் தோட்டங்கள் பெருகிய 19ஆம் நூற்றாண்டில் சாராயம் விற்கும் உரிமையைக் காலனித்துவ அரசு ஏலத்தில் விட்டது. அவ்வுரிமையைப் பெற்ற சாராயக் குத்தகைக்காரர்கள் திரட்டிய செல்வமே இலங்கை முதலாளி வர்க்கத்தின் தொடக்க மூலதனங்களுள் முதன்மையானது என்பதை வரலாற்றாய்வாளர் குமாரி ஜயவர்தன விரிவாகக் காட்டியுள்ளார். 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலைப் பயிர்ச்செய்கையைத் தொடங்கிய பின்னரும், 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் வந்த பின்னரும், தொழிலாளியின் கூலியில் ஒரு பங்கு தவறணை என்னும் மதுக்கடை வழியாக அரசின் வருமானமாகத் திரும்பும் ஏற்பாடு நீங்கவில்லை. 2006ஆம் ஆண்டின் புகையிலை, மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டம் மதுவிளம்பரத்தைத் தடைசெய்தது. ஆனால் குளிருக்கு நல்லது என்ற வாய்மொழி விளம்பரத்தை எந்தச் சட்டமும் தொடவில்லை.

போத்தல் சாராயத்துக்குக் காசு போதாதபோது அதே “மருந்து” கசிப்பாகிறது. கசிப்பு என்பது சீனியும் ஈஸ்ட்டும் கலந்து புளிக்கவைத்த கோடாவைக் காய்ச்சி வடிக்கும் சட்டவிரோத மது. அதில் மெதனோல் என்னும் நச்சுச் சாராயம் கலந்துவிட்டால், அது உடலில் போமிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பை அழிக்கும்.

குடியைக் குளிரின்மீது சுமத்துவதால், குளிருக்கு உண்மையில் பொறுப்பானவர்கள் தப்பிக்கொள்கின்றனர். ஒழுகும் தகரக் கூரையும் ஈரச் சுவரும் நிர்வாகத்திடம் கேட்கப்பட வேண்டியவை. ஆறாத முதுகுவலி தோட்ட மருந்தகத்தில் காட்டப்பட வேண்டியது. 2021இல் 1000 ரூபாயாகவும் 2024இல் 1350 ரூபாயாகவும் அறிவிக்கப்பட்ட நாட்சம்பளம் ஒரு குடும்பத்துக்குப் போதுமா என்பது பேச்சுவார்த்தை மேசையில் எழுப்பப்பட வேண்டிய கேள்வி.