தேயிலைக்கு நூறு வருஷ ஆராய்ச்சி, எங்க தட்டுக்கு?

உடப்புசல்லாவைப் பக்கம் ஏதாவது ஒரு லயத்துக்குக் காலையில போய்ப் பாருங்க. கொழுந்துக்குப் போற அம்மா கட்டிக்கிட்டுப் போறது ரொட்டியும் சம்பலும். பிள்ளைக்கும் அதேதான். சுத்திவர கரட்டும் லீக்ஸும் கிழங்கும் விளையுது, லொறி லொறியா கொழும்புக்குப் போகுது. அந்த மரக்கறி எங்க சட்டிக்கு மட்டும் ஏன் வர்றதில்லை?

தேயிலைச் செடிக்கு இந்த நாட்டில் ஆராய்ச்சிக் குறை கிடையாது. 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் இன்றும் தலவாக்கலையில் இயங்குகிறது. எந்த மண்ணுக்கு எந்தக் கன்று, எவ்வளவு உரம், எத்தனை நாளுக்கு ஒரு தடவை பறிக்கணும், எல்லாத்துக்கும் அங்கே பதில் இருக்கு. அந்த அறிவை நாங்க குறை சொல்லவில்லை. செடியைப் பறிக்கிற கைக்கும் அதே அக்கறை எங்கே என்றுதான் கேட்கிறோம்.

கணக்கு இல்லாமலும் இல்லை. 2016 குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, வயதுக்கேற்ற உயரம் இல்லாத ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாடு முழுக்க 17 வீதம். தோட்டத்துறையில் 32 வீதம். இதுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம், "தாய்மாருக்கு விழிப்புணர்வு போதாது" என்பது.

கீரையில சத்து இருக்குன்னு எங்க அம்மாமாருக்குத் தெரியாதா? கீரை போட நிலம் யாருடையது? 1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசிடம் போயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. காணி கைமாறிய எந்தத் தடவையும் தொழிலாளியின் பெயருக்கு எதுவும் வரவில்லை. பிறகு வீட்டுக்கு 7 பேர்ச்சஸ் என்றார்கள். அதில் வீடு கட்டினால் பாத்தி எங்கே போடுவது?

கொள்கை பிழைத்தாலும் அடி எங்களுக்குத்தான். 2021இல் இரசாயன உரத்தை ஒரேயடியாகத் தடை செய்தார்கள். நவம்பரில் தடையைத் தளர்த்தினார்கள். 2021இல் 30 கோடி கிலோவை நெருங்கிய தேயிலை உற்பத்தி, அடுத்த வருஷம் 25 கோடி கிலோ அளவுக்கு இறங்கியது. மலையில கொழுந்து இல்லைன்னா கிலோ சேராது. கிலோ சேராட்டி அரைப்பேர். அரைப்பேர்ல ரொட்டியும் பாதியாகும். தடை போட்டவர்கள் யாரும் பெரட்டுக்களத்துக்கு வந்து எங்களிடம் கேட்கவில்லை.

"ஆராய்ச்சிதான் நடக்குதே" என்று சொல்லலாம். நடக்குது, எங்களை அளக்கிறாங்க. ஆனால் அளந்தவுடன் கதை முடிஞ்சுபோகுது. 32 வீதம் என்ற எண்ணுக்குப் பின்னால் சம்பளமும் காணியும் இருக்கு என்று எழுதினால்தான் அது கொள்கையாகும்.

நாங்க கேட்பது மூணு. ஒரு நாள் சம்பளத்தில் ஒரு குடும்பம் உண்மையில் என்ன வாங்கிச் சாப்பிட முடியும் என்று வருஷாவருஷம் கணக்கெடுங்க. அந்தக் கணக்கைத் தோட்டத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து எடுத்து, முடிவைத் தமிழில் லயத்துக்கே கொண்டுவாங்க. ஒவ்வொரு குடும்பத்துக்கும் மரக்கறி போட உறுதியோடு காணி கொடுங்க.

விழிப்புணர்வுக் கூட்டம் அதற்குப் பிறகு வைக்கலாம். அப்போது நாங்களே வர்றோம், கையில கீரையோட.