காரணம் சொல்லாத ரோஸ்டர்

அமெரிக்காவின் பெரிய விமான நிறுவனங்கள் பலவற்றில், ஒரு விமானி அடுத்த மாதம் எந்த நாட்களில் பறப்பார், எந்த ஊரில் இரவு தங்குவார், பண்டிகைக்கு வீட்டில் இருப்பாரா என்பதை எந்த மேலாளரும் தீர்மானிப்பதில்லை. விமானிகள் மாதந்தோறும் தங்கள் விருப்பத்தைக் கணினியில் பதிகிறார்கள். சனி, ஞாயிறு விடுப்பு வேண்டும். விடிய விடியப் பறக்கும் பயணம் வேண்டாம். அதிகாலையில் பணி தொடங்கக் கூடாது. பணிமூப்புப் பட்டியலின் உச்சியில் இருப்பவரில் தொடங்கி, ஒவ்வொருவருக்கும் ரோஸ்டர், அதாவது மாதப் பணி அட்டவணை, கட்டிக்கொண்டே மென்பொருள் கீழே இறங்குகிறது. கடைசியில் இருப்பவர்களுக்கு மிச்சம் மீதிதான். அவர்களில் பலர் மாதம் முழுக்க ‘ரிசர்வ்’. கூப்பிட்டால் ஓட வேண்டும்.

இந்த விருப்பத்தை எழுதுவதே ஒரு தனி வித்தை. விமானியின் பணித்தளத்திலிருந்து கிளம்பி அங்கேயே திரும்பி வரும் பயணத் தொடர்கள் மாதத்துக்கு நூற்றுக்கணக்கில் இருக்கும். அவற்றைச் சலித்தெடுக்கவும், தம் பணிமூப்புக்கு எது கிடைக்கும் என்று முன்கூட்டிக் கணிக்கவும் விமானிகளுக்கென்றே துணை மென்பொருள்கள் வந்துவிட்டன. இவை இருக்க வேண்டும் என்பது நம் கருத்து. அதைவிட முக்கியமாக, இவை ஏன் தேவைப்படுகின்றன என்று நிறுவனங்களைக் கேட்க வேண்டும்.

பழைய முறையில் நிறுவனமே முழு மாத அட்டவணைகளைத் தயாரித்து வெளியிடும்; விமானிகள் அவற்றை வரிசைப்படுத்திக் கேட்பார்கள். சவுத்வெஸ்ட் நிறுவனம் நெடுங்காலம் அந்த வழியில்தான் நடந்தது. அதிலும் இளையவருக்கு நல்லது கிடைக்காது. ஆனால் தான் கேட்டதை மூத்தவர் யாரோ எடுத்துக்கொண்டார் என்பது கண்ணுக்குத் தெரியும். பணிமூப்பு முரட்டுத்தனமான நீதிதான். என்றாலும் அதில் ஒளிவுமறைவு இல்லை. புதிய முறை அப்படியல்ல. எல்லாப் பயணங்களுக்கும் ஆள் வேண்டும் என்பதற்காக, ஒருவர் கேட்ட விடுப்பை மென்பொருள் மறுக்கலாம். மறுத்தது மூத்தவருக்காகவா, பணிநேர விதிக்காகவா, ஆள் பற்றாக்குறைக்காகவா? விருப்பம் நிறைவேறாததற்கான காரணத்தை அறிக்கையாகவே தரும் மென்பொருள்கள் சந்தையில் இருக்கின்றன. ஆகவே ‘காரணம் சொல்ல முடியாது’ என்ற பதிலுக்கு இங்கே இடமில்லை.

கணினி தவறினால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கன் ஏர்லைன்ஸ் இரண்டு முறை காட்டியது. 2017 டிசம்பரின் கிறிஸ்துமஸ் நெரிசல் வாரங்களுக்கு அளவுக்கு மீறி விமானிகளுக்கு விடுப்புக் கொடுத்துவிட்டது அதன் பணி அட்டவணைக் கணினி. சுமார் 15,000 விமானங்களுக்கு ஆளில்லை என்று விமானிகள் சங்கம் சொன்னது. ஒன்றரை மடங்கு சம்பளம் தருகிறோம் என்று நிறுவனம் இறங்கிவந்தது. 2022 ஜூலையில் மீண்டும் அதே கதை: விமானிகள் தங்கள் பயணங்களைக் கைவிட கணினி வழி திறந்துவிட, 12,000-க்கும் மேற்பட்ட விமானங்கள் கேப்டனோ துணை விமானியோ இல்லாமல் நின்றன. கைவிட்ட பயணங்களில் பெரும்பாலானவற்றை நிறுவனம் திரும்ப விமானிகள் தலையிலேயே கட்டியது. பிறகு சங்கத்துடன் பேசி இரட்டிப்புச் சம்பளத்துக்கு ஒப்புக்கொண்டது. பிழை செய்தது யாருடைய கணினி என்பதைக் கவனியுங்கள். விமானி வைத்திருந்த துணைச் செயலி அல்ல.

வெளியார் மென்பொருள் ரோஸ்டர் தரவைத் தொட்டால் பாதுகாப்புக்கு ஆபத்து என்று நிறுவனங்கள் சொல்லக்கூடும். நியாயமான கவலைதான். ஒவ்வொரு விமானியும் தன் தரவை மட்டும் முறையாக இறக்கிக்கொள்ள வழி செய்தால் அந்தக் கவலை தீரும். இன்னொரு ஆட்சேபம் நமக்கே உண்டு: காசு கொடுத்து நல்ல கருவி வாங்கியவருக்கு நல்ல மாதம், வாங்காதவருக்கு மோசமான மாதம் என்று ஆகிவிடக் கூடாது. சங்கமோ நிறுவனமோ கருவியை எல்லாருக்கும் இலவசமாகத் தர வேண்டும்.

விமானியின் விடுமுறைக் கணக்கு பயணிக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 2009 பிப்ரவரியில் அமெரிக்காவின் பஃபலோ நகர் அருகே கோல்கன் ஏர் நிறுவனத்தின் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். துணை விமானி முந்தைய இரவு சியாட்டிலிலிருந்து நாட்டின் மறுகோடிக்குப் பயணம் செய்து வந்தவர். களைப்பு விமானிகள் இருவரின் செயல்பாட்டையும் பாதித்திருக்கக்கூடும், எந்த அளவுக்கு என்று சொல்ல முடியாது என்றது விசாரணை. அந்த விபத்துக்குப் பின்புதான் அமெரிக்காவில் ஓய்வு விதிகள் இறுகின. 2014 ஜனவரியில் நடைமுறைக்கும் வந்தன.

நம் நாட்டுக்கும் இதில் பாடம் இருக்கிறது. வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தி, இரவுத் தரையிறக்கங்களைக் குறைத்த விதி 2025 நவம்பரில் முழுமையாக அமலானது. அதற்குத் தக்கபடி திட்டமிடத் தவறிய இண்டிகோ, டிசம்பர் 5 அன்று ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்களை ரத்து செய்தது. சென்னை உட்படப் பல விமான நிலையங்களில் மக்கள் பெட்டியோடு கிடந்தார்கள். கடைசியில் நிறுவனத்துக்கு விதியில் தற்காலிக விலக்குக் கிடைத்தது. ஓய்வு இழந்தது விமானி.

விமானப் போக்குவரத்து இயக்குநரகம் ஓய்வு மணிகளை எண்ணுவதோடு நின்றுவிடக் கூடாது. விமானிகள் தங்கள் விருப்பத்தைப் பதியவும், மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் பெறவும் ஒவ்வொரு நிறுவனமும் வழி செய்ய வேண்டும் என்பதை விதியாக்க வேண்டும். அடுத்த விலக்குக் கோரிக்கை மேசைக்கு வரும் முன்பே அதைச் செய்ய வேண்டும்.