ஓடையைக் குழாய்க்குள் அடைப்பவர்கள்

எங்க ஆரணியில் எந்த ரோட்டில் வெளியே போனாலும் ஒரு அலங்கார வளைவு வரும். கலர் கொடிகள், வெள்ளையடித்த கற்கள், "டி.டி.சி.பி. அப்ரூவ்டு, உடனே வீடு கட்டலாம்" என்று போர்டு. போன மாசம் அப்படி ஒரு நகருக்குள் சும்மா நடந்து போனேன்.

அங்கே ஒரு ஓடை இருந்தது. இரண்டு கரையிலும் பனை, ஈச்சம்புதர், நாணல். பனை ஓலையில் தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்கும். (நம்ம ஊரில் தறி போடாமல் நெய்கிற ஒரே ஜாதி!) மழை விட்ட ராத்திரியில் தவளைச் சத்தம் காதைக் கிழிக்கும். இப்போது அந்த இடத்தில் இரண்டு சிமெண்ட் குழாய், மேலே செம்மண் கொட்டி 30 அடி ரோடு. பனை ஒன்று கூட இல்லை. சரி, பூங்கா எங்கே என்று தேடினேன். கடைசி மூலையில், மனையாக விற்க முடியாத ஒரு கோணல் துண்டுக்கு வேலி போட்டு வைத்திருக்கிறார்கள்.

என் கோபம் அந்தக் கோணல் துண்டின் மேல்தான்.

2019ல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 3,000 சதுர மீட்டருக்கு மேல் லேஅவுட் போட்டால் ரோடு போக மீதியில் 10 சதவீதம் திறந்தவெளியாக விடவேண்டும். 10,000 சதுர மீட்டர் வரை, இடம் விட முடியாவிட்டால் அதன் மதிப்பைப் பணமாகக் கட்டலாம். அதைத் தாண்டினால் நிலமாகவே கொடுத்தாக வேண்டும். ஆக, எப்படியும் விடப்போகிற நிலம். அதை ஓடையின் இரு கரையிலும் விட்டால் என்ன? புரோமோட்டருக்கு ஒரு சென்ட் கூட அதிகம் போகாது. தண்ணீருக்கு அகலம் கிடைக்கும், பனை நிற்கும், கீரியும் சாரையும் வயலிலிருந்து ஏரி வரை போய்வரப் பாதை இருக்கும். ஊஞ்சலும் அங்கேயே கட்டிக்கொள்ளலாம்.

"மக்கள் எங்கே வீடு கட்டுவது? குருவிக்காக நெசவாளி வாடகை வீட்டிலேயே சாகணுமா?" என்று ஒரு நண்பன் கேட்டான். நல்ல கேள்வி. நெசவாளியையே எடுத்துக்கொள்வோம். குழித்தறி எப்படி இருக்கும் என்று ஆரணிக்காரனுக்குச் சொல்ல வேண்டாம். வெளியூர் மக்களுக்காகச் சொல்கிறேன். தரையில் குழி வெட்டி, அதில் காலை இறக்கி மிதிபலகையை மிதித்து நெய்வது. தெருவில் தண்ணீர் தேங்கினால் முதலில் ஊறுவது அந்தக் குழிதான். குழி காயும்வரை தறி நிற்கும், கூலியும் நிற்கும். குப்பை அடைத்த குழாயில் போகமுடியாத ஓடைத் தண்ணீர் பள்ளமான தெருவைத் தேடித்தானே வரும்? அதை அப்ரூவல் பேப்பர் காட்டித் திருப்பி அனுப்ப முடியாது.

அப்ரூவல் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2016 செப்டம்பரில் உத்தரவு போட்டது. அதற்குப் பிறகுதான் இந்த "அப்ரூவ்டு"க்கு இவ்வளவு மவுசு. நல்ல உத்தரவுதான். ஆனால் பேப்பர் சரியாக இருந்தால் நிலமும் சரியாக இருக்கும் என்று நாமே முடிவு கட்டிக்கொண்டோம்.

பள்ளிக்கரணையைப் பாருங்கள். ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த சதுப்புநிலம். பெரும்பகுதி ரோடும் கட்டடமும் குப்பைமேடுமாகப் போனபிறகு, 2015 டிசம்பரில் வேளச்சேரிக்காரர்கள் படகில் வெளியே வந்தார்கள். மிச்சமிருப்பதில் சுமார் 1,248 ஹெக்டேருக்கு ராம்சார் அந்தஸ்து வந்தது 2022ல். சதுப்பிலும் அதைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள்ளும், ஆய்வு முடியும்வரை கட்டட அனுமதி தரக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது 2025 செப்டம்பரில். பள்ளிக்கரணைக்கு வழக்கு போட ஆள் இருக்கிறார்கள். கமண்டல நாகநதியில் போய் விழுகிற, பேர்கூட இல்லாத ஒரு ஓடைக்கு யார் போடுவார்கள்?

உங்க வீட்டில் மனை பார்க்கக் கிளம்பினால் பத்திரம், பட்டாவோடு கிராம வரைபடத்தையும் புல வரைபடத்தையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஓடை என்று கோடு போட்டிருக்கும். அது லேஅவுட் வரைபடத்தில் எந்த ரோட்டுக்கு அடியில் போகிறது, பூங்கா எந்த மூலையில் கிடக்கிறது என்று புரோமோட்டரிடம் நேராகவே கேளுங்கள், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால்.