அடையாளம் தெரியாமற்போன நண்பர்



மேலைநாட்டு ராக் இசை என்றவுடனேயே முகஞ்சுளிப்போர் நம்மிடையே பலர் உளர். இரைச்சல், போதை, கட்டற்ற வாழ்க்கை என்னும் மூன்று குற்றச்சாட்டுகள் அவர்களிடம் எப்பொழுதும் ஆயத்தமாக இருக்கும். அவற்றில் உண்மை இல்லாமலும் இல்லை. எனினும் இம்மாதம் அவ்வகையைச் சேர்ந்த ஒரே ஓர் இசைத்தட்டைப் பற்றி, அதைக் கேட்குந்தோறும் என் உள்ளத்தில் எழுவதை எழுத விழைகின்றேன். 'பிங்க் ஃபிளாய்ட்' என்னும் ஆங்கிலேயக் குழுவினர் 1975 செப்டம்பரில் வெளியிட்ட 'விஷ் யூ வேர் ஹியர்' என்பதே அது. நீ இங்கே எங்களோடு இருக்கக்கூடாதா என்னும் ஏக்கமே அத்தலைப்பின் பொருள்.

யாரைக் குறித்து இந்த ஏக்கம்? இக்குழுவைத் தொடக்க காலத்தில் நடத்திச் சென்றவர் சிட் பாரெட். கேம்பிரிட்ஜ் நகரில் 1946-இல் பிறந்தவர், ஓவியம் பயின்றவர். 1967-இல் வெளிவந்த குழுவின் முதல் இசைத்தட்டில் பெரும்பாலான பாடல்கள் அவர் இயற்றியவையே. அவ்வாண்டு முடிவதற்குள் அவருடைய மனநிலை சீர்குலையத் தொடங்கிற்று. எல்.எஸ்.டி. என்னும் போதைப்பொருளும், திடீரென வந்த புகழின் நெருக்கடியும் காரணம் என்பர். மேடையில் ஒரே சுரத்தை மீட்டிக்கொண்டு நிற்பார். சில வேளைகளில் அதுவும் இல்லை. 1968 ஜனவரியில் சவுத்தாம்ப்டன் நகரில் ஒரு நிகழ்ச்சி. போகும் வழியில் அவரையும் வண்டியில் ஏற்றிக்கொள்ளலாமா என்ற பேச்சு எழுந்தபொழுது, வேண்டாம் என்று முடிவாயிற்று. சண்டையில்லை, விடைபெறுதலும் இல்லை. வண்டி அவர் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை, அவ்வளவுதான்.

இதைத் தெரிந்துகொண்டு கேட்பவனுக்கு அந்த இசைத்தட்டு வேறொன்றாக ஒலிக்கின்றது. முதலில் தாழ்ந்த ஒலிகள் மூடுபனிபோல் பரவுகின்றன; ஈர விரலால் கண்ணாடிக் கிண்ணங்களின் விளிம்பைத் தேய்த்து எழுப்பிய ஒலிகளும் அவற்றுள் கலந்துள்ளன. ஏறத்தாழ நான்கு நிமிடங்கள் கழிந்த பின்னரே டேவிட் கில்மோரின் கிதாரிலிருந்து நான்கே சுரங்கள் விழுகின்றன. சற்று மௌனம். மீண்டும் அதே நான்கு. பதில் வராத வீட்டின் கதவை ஒருவர் திரும்பத் திரும்பத் தட்டுவது போன்றே எனக்குத் தோன்றும். மனிதக் குரல் எழுவதற்கு எட்டு நிமிடங்களுக்குமேல் ஆகின்றது. மூன்று நிமிடத்தில் பாட்டை முடித்துக் கைதட்டல் வாங்கும் தொழிலில், இவ்வளவு நேரம் தயங்கி நிற்க ஒரு குழுவினர் துணிந்தது வியப்பே.

இடையில் வரும் இரண்டு பாடல்கள் இசை வணிகத்தின் மீது வீசப்பட்ட கசப்பான குற்றச்சாட்டுகள். அவற்றுள் இரண்டாவதை ராய் ஹார்ப்பர் என்னும் வெளிப்பாடகர் பாடியிருக்கின்றார். எனக்கு இவற்றின்மீது அவ்வளவு பற்றில்லை. இதற்கு முந்திய 1973-ஆம் ஆண்டு இசைத்தட்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் மொத்தம் 700 வாரங்களுக்கு மேல் இடம்பெற்றது. அத்தகைய செல்வத்தை அள்ளித்தந்த வணிகத்தை நொந்துகொள்வதில் சிறிது தன்னிரக்கமும் கலந்திருப்பதாகவே படுகின்றது. நான்காவது பாடலோ அப்படியன்று. ஒருவர் வானொலியின் நிலையங்களைத் திருப்புகிறார்; சைக்கோவ்ஸ்கியின் நான்காம் சிம்பொனியிலிருந்து ஒரு துணுக்கு வந்து மறைகின்றது; பிறகு எங்கோ தொலைவிலிருந்து மெலிந்த கிதார் ஒலி. அதனோடு சேர்ந்து வாசிக்க, அறைக்குள் அமர்ந்திருப்பவர் போல் இன்னொரு கிதார் தெளிவாகத் தொடங்குகின்றது. தொலைவில் ஒருவர், அருகில் ஒருவர். இருவரும் ஒரே இராகத்தில் இருந்தும் ஒரே அறையில் இல்லை. பாட்டின் சொற்கள் வருமுன்னரே அதன் பொருள் முழுவதும் சொல்லப்பட்டுவிடுகின்றது.

1975 ஜூன் மாதம், லண்டன் ஆபி ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தில் இவ்விசைத்தட்டின் வேலை நடந்துகொண்டிருந்தபொழுது, உடல் பருத்து, தலைமுடியும் புருவமும் மழித்த ஒருவர் உள்ளே வந்து நின்றார். யாரோ பணியாளர் என்று எண்ணிப் பிறர் தம் வேலையைப் பார்த்தனர். நெடுநேரம் கழித்தே அவர் பாரெட் என்று தெரிந்தது. அவரைக் குறித்த பாடலுக்கே அன்று அவர்கள் மெருகேற்றிக்கொண்டிருந்தார்கள். ரோஜர் வாட்டர்ஸ் கண்ணீர் விட்டார் என்று பின்னாளில் உடனிருந்தோர் கூறினர்.

அப்படியானால் இப்பாடல்கள் வெறும் பாசாங்கா? கைவிட்டுவிட்டுப் பிறகு அழுவதில் என்ன இருக்கின்றது என்று ஓர் இளைஞர் என்னிடம் கேட்டார். எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வியன்று. ஆனால் அவர்கள் அவரை அறவே மறந்துவிடவில்லை. 1970-இல் பாரெட் தனியாக வெளியிட்ட இரண்டு இசைத்தட்டுகளும் நிறைவேற, கில்மோர் இரண்டிலும் உடன் உழைத்தார். முதலாவதில் வாட்டர்சும், இரண்டாவதில் ரிச்சர்ட் ரைட்டும் துணைநின்றனர். ஒவ்வோர் ஒலிப்பதிவும் பெரும்பாடாக முடிந்தது. அதற்குமேல் என்ன செய்வதென்று இருபது வயதைத் தாண்டிய அவ்விளைஞர்களுக்குத் தெரியவில்லை. மனநோயுற்ற மகனையோ உடன்பிறந்தாரையோ வீட்டில் வைத்துப் பராமரிப்பவர்களைக் கேட்டுப்பாருங்கள். எதிரே அமர்ந்து உண்பவரை நோக்கியே 'நீ இங்கே இருக்கக்கூடாதா' என்று நெஞ்சுக்குள் கேட்கும் தாய்மார்களை நான் அறிவேன். இறந்தவர்களுக்காக அழ நமக்குச் சடங்குகள் உண்டு. உயிரோடிருந்தும் விலகிப் போனவர்களுக்காக அழ ஒன்றுமில்லை. அந்த அழுகைக்கு இடங்கொடுத்த இசை வேறெதையும் நான் அதிகம் கேட்டதில்லை. ஆகவே அவ்விளைஞரோடு என்னால் முழுதும் உடன்பட இயலவில்லை.

பாரெட் கேம்பிரிட்ஜில் தம் தாயின் வீட்டுக்குத் திரும்பினார். இசையை விட்டு, படம் வரைந்தும் தோட்டம் பேணியும் வாழ்ந்து, 2006 ஜூலையில் காலமானார். பத்திரிகையாளர் கதவைத் தட்டினால் அவர் விரும்பியதில்லை.

கேட்க விரும்புவோர் ஐந்து பாடல்களையும் வரிசை மாற்றாமல் ஒரே அமர்வில் கேட்பது நன்று. முக்கால் மணி நேரந்தான் ஆகும். முதற்பாடலின் எஞ்சிய பகுதிகளே இறுதிப் பாடலாகத் திரும்பி வருகின்றன. அதன் கடைசிப் பகுதி ரைட் ஒருவரே இயற்றியது. ஒலி தேய்ந்து மறையும் தறுவாயில், 1967-இல் பாரெட் எழுதிய 'சீ எமிலி பிளே' என்னும் பாடலின் மெட்டை அவர் சில நொடிகள் மட்டும் வாசிக்கின்றார். ஒலியைச் சற்றுக் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். இல்லையேல் காதில் விழாது.