ஆகாய விமானமும் மக்காச்சோளத் தட்டையும்

பெரம்பலூர், அரியலூர் பக்கத்தில் புரட்டாசியில் மக்காச்சோளம் விதைப்பார்கள். தை மாதத்தில் அறுப்பார்கள். பெரும்பாலும் மானாவாரி நிலம். மழையை நம்பிய பிழைப்பு. மணி, கோழித் தீவனத்துக்குப் போகிறது. தட்டையை மாடு தின்கிறது. மிச்சம் காட்டிலேயே கிடக்கிறது.

இந்தத் தட்டைக்கும் ஆகாய விமானத்துக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் வந்துகொண்டிருக்கிறது!

விமானம் குடிப்பது ஒருவகை மண்ணெண்ணெய். அதன் புகை பூமியைச் சூடாக்குகிறது. காரை மின்சாரத்தில் ஓட்டலாம். பெரிய விமானத்தை அப்படி ஓட்ட முடியாது. பாட்டரியின் கனம் தாங்காது. ஆகவே, தாவரத்திலிருந்தும் கழிவிலிருந்தும் எண்ணெய் எடுக்கிறார்கள். ஐரோப்பாவில் 2025 முதல் விமான எண்ணெயில் நூற்றுக்கு 2 பங்கு இப்படிப்பட்டதாக இருக்கவேண்டும் என்பது சட்டம். நம் நாட்டில், வெளிநாடு செல்லும் விமானங்களுக்கு 2027-ல் 1 பங்கு, 2028-ல் 2 பங்கு, 2030-ல் 5 பங்கு என்று மத்திய அரசு இலக்கு வைத்திருக்கிறது.

27-8-2018 அன்று டேராடூனிலிருந்து டெல்லிக்கு ஒரு விமானம் பறந்தது. டேராடூனில் உள்ள இந்தியப் பெட்ரோலிய ஆராய்ச்சி நிலையம் காட்டாமணக்கு விதையிலிருந்து செய்த எண்ணெய் அதில் கலந்திருந்தது. விதை, சத்தீஸ்கர் விவசாயிகள் தந்தது.

காட்டாமணக்கு என்றதும் தமிழ்நாட்டு விவசாயி பெருமூச்சு விடுவார். 2000-க்குப் பிறகு அதை நடச் சொன்னார்கள். தரிசிலும் விளையும், தண்ணீர் அதிகம் வேண்டாம் என்றார்கள். கோவை, திருவண்ணாமலை மாவட்டங்களில் நம்பி நட்டார்கள். சொன்ன மகசூல் வரவில்லை. பலர் செடியைப் பிடுங்கி எறிந்தார்கள். நஷ்டம், நட்டவர் தலையில் விழுந்தது.

அந்தத் தவறு மீண்டும் நடக்கக் கூடாது.

எரிசாராயத்தையும் விமான எண்ணெயாக மாற்றலாம். உடனே மக்காச்சோள மணியின் மேல் கண் விழும். பெட்ரோலில் கலக்க எரிசாராயம் காய்ச்சியதிலேயே 2024-ல் மக்காச்சோளத்துக்குத் தட்டுப்பாடு வந்தது. கோழிப் பண்ணையாளர்கள் கூக்குரலிட்டார்கள். உணவுப் பயிர், தீவனப் பயிரிலிருந்து எடுத்த எண்ணெயை ஐரோப்பியச் சட்டம் கணக்கில் சேர்ப்பதும் இல்லை.

ஆகவே, மணியைத் தொடவேண்டாம். தட்டையையும், மணி உதிர்த்த கதிர்க்கட்டையையும் எடுங்கள். இது கனவல்ல. அரியானாவில் பானிப்பட்டில் நெல் வைக்கோலிலிருந்து எரிசாராயம் எடுக்கும் ஆலையை 2022-ல் திறந்திருக்கிறார்கள்.

ஆனால் மூன்று நிபந்தனைகள் உண்டு.

முதலாவது, மாட்டுக்குப் போக மிச்சத்தைத்தான் எடுக்கவேண்டும். மண்ணுக்கும் கொஞ்சம் விடவேண்டும். தட்டை மக்கினால்தான் அடுத்த வெள்ளாமைக்குச் சத்து.

இரண்டாவது, தட்டை கனமில்லாதது. ஆனால் இடத்தை அடைக்கும். தூரத்து ஆலைக்குக் கொண்டுபோனால் லாரி வாடகையே விலையைத் தின்றுவிடும். ஆகவே, கட்டிச் சேர்க்கும் நிலையங்கள் ஊர்ப் பக்கத்திலேயே வேண்டும்.

மூன்றாவதுதான் முக்கியம். டன்னுக்கு என்ன விலை, யார் வாங்குவார்கள், எத்தனை நாளில் பணம் வரும் என்பதை விதைப்புக்கு முன்பே எழுத்தில் தரவேண்டும். 2018-ல் படைப்புழு தாக்கியபோது இந்தப் பகுதி விவசாயிகள் பட்ட பாடு கொஞ்சமல்ல. அவர்களிடம் வாய்ச்சொல்லை மட்டும் கொண்டுபோகக் கூடாது.

விமானம் உயரப் பறக்கட்டும். அதற்காக விவசாயி மறுபடியும் கடனில் விழக் கூடாது.